சின்னச் சின்ன அகேட் ஜியோடுகள்: சேகரிப்பது, படம் எடுப்பது, பகிர்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தம் புனேவுக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. வந்த இரண்டாம் வருடம், எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் நெல்லிக்காய் அளவில் ஒரு கல் பாதியாக உடைந்து கிடந்தது. வெளியே பார்த்தால் காய்ந்த மண்ணாங்கட்டி. உள்ளே சாம்பலும் வெள்ளையுமாக மெல்லிய வளையங்கள், நடுவில் ஒரு குழி, அந்தக் குழி முழுக்கச் சர்க்கரை ஒட்டியது போலப் படிகங்கள். அன்று தொடங்கியது. இப்போது என்னிடம் முந்நூறு சொச்சம் கற்கள் இருக்கின்றன. படங்களைப் பகிரும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அகேட் என்றால் என்ன? ஜியோடு என்றால் என்ன? இரண்டும் ஒன்றா?

இல்லை. அகேட் என்பது பொருளின் பெயர், ஜியோடு என்பது வடிவத்தின் பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குவார்ட்ஸ் இழைகளால் ஆன கல்லுக்குக் கால்செடனி என்று பெயர். அது வரிவரியாகப் படிந்திருந்தால் அகேட். வேதியியல்படி நம் ஆற்று மணலில் பெரும்பகுதியாக இருக்கும் அதே சிலிக்கன் டை ஆக்சைடுதான், சுருக்கமாகச் சிலிக்கா. கடினம் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை, அதாவது சாதாரணக் கத்தியால் கீறினால் கீறல் விழாது.

உள்ளே கூடாக இருந்து, அந்தக் கூட்டின் சுவரில் படிகம் வளர்ந்திருந்தால் அது ஜியோடு. உள்ளே இடமே இல்லாமல் முழுதும் நிரம்பிவிட்டால் அது வெறும் உருண்டைக் கல். நாங்கள் முழுக்கல் என்போம். அகேட் ஜியோடில் வெளிச்சுவர் அகேட்டாகவும், அதற்கு உள்ளே குவார்ட்ஸ் படிகங்களாகவும், நடுவில் வெற்றிடமாகவும் இருக்கும்.

கல்லுக்குள் அந்தக் கூடு எப்படி வந்தது?

நான் நிற்கும் இந்தத் தக்காணப் பீடபூமியையே எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே எரிமலைக் குழம்பு வெடிப்புகளின் வழியே பொங்கி, அடுக்கு மேல் அடுக்காகப் பரவியது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அந்தக் கரும்பாறைதான், பசால்ட். மகாபலேஷ்வர் பக்கம் மலைகள் படிக்கட்டு போல இருப்பது இந்த அடுக்குகளால்தான்.

குழம்பு ஆறும்போது அதிலிருந்த வாயு குமிழ்களாக மேலே ஏறும். தோசைக்கல்லில் மாவு வேகும்போது மேலே ஓட்டைகள் விழுமே, அது மாதிரி. ஒவ்வோர் அடுக்கின் மேல்பகுதியிலும் குமிழ்கள் அப்படியே உறைந்து பொந்துகளாக நின்றுவிட்டன. அப்புறம் பாறையின் இடுக்குகளில் நீர் இறங்கியது. அது பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து, பொந்தின் சுவரில் படலம் படலமாகப் படியவைத்தது. முதலில் நுண்ணிழைக் கால்செடனி, கடைசியில் பெரிய குவார்ட்ஸ் படிகம். நடுவில் நிரம்பாமல் நின்ற இடம்தான் அந்தக் கூடு. சிலவற்றில் அதற்கும் மேல் கால்சைட், ஸ்டில்பைட், ஹியூலண்டைட் என்று வேறு கனிமங்களும் உட்கார்ந்திருக்கும்.

வரிகள் ஏன் அத்தனை சீராக விழுகின்றன என்பது மட்டும் இன்னும் முடியாத விவாதம். நீர் விட்டுவிட்டு வந்ததால் என்று ஒரு சாரார். கெட்டியான ஒரே சிலிக்காக் கூழ் தானாகவே வரிகளாகப் பிரிந்தது என்று இன்னொரு சாரார்.

இப்படி நிரம்பிய குமிழுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் அமிக்டேல். பாதாம் பருப்புக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குழம்பு ஓடும்போது குமிழ்கள் இழுபட்டு நீண்டுவிடுவதால் பல கற்கள் உண்மையிலேயே பாதாம் வடிவத்தில்தான் இருக்கும். ஒரு முனை கூர்மை, மறு முனை உருண்டை. கையில் எடுத்ததும் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

சில அகராதிகள் அகேட்டுக்குக் கோமேதகம் என்று போடுகின்றன. நகைக்கடையில் கோமேதகம் என்றால் கார்னெட் வகைத் தேன்நிறக் கல். அதனால் நான் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். செந்நிறக் கால்செடனியான கார்னீலியனுக்குச் சூதுபவளம் என்ற அழகான சொல் இருக்கிறது, தொல்லியல் துறையினர் அதையே பயன்படுத்துகிறார்கள். அரபு வழி வந்த அகீக் என்ற சொல்லை மோதிரக்கல் அணியும் முஸ்லிம் குடும்பங்களில் கேட்கலாம். வட இந்தியச் சந்தையிலும் அதே பெயர்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளைக் குவார்ட்ஸை வெங்கச்சாங்கல் என்போம். சின்ன வயதில் இருட்டில் இரண்டைத் தேய்த்து மினுக்கம் பார்த்திருக்கிறோம். ஜியோடின் நடுவில் இருப்பதும் அதே வெங்கச்சாங்கல்தான், வளர இடம் கிடைத்ததால் முகம் முகமாகப் படிகமாகியிருக்கிறது, அவ்வளவுதான். மராத்தியில் இதற்குக் கார்கோட்டி என்று பெயர். நாசிக் அருகே சின்னரில் இருக்கும் கனிம அருங்காட்சியகத்துக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். தக்காணக் கனிமங்கள் எந்த அளவுக்கு வளரும் என்பதை அங்கேதான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் அகேட் ஜியோடு கிடைக்குமா?

எரிமலைக் குழம்பின் குமிழில் வளர்ந்த ஜியோடைத் தமிழ்நாட்டில் தேடி அலைய வேண்டாம். நம் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. குமிழுக்கு அங்கே வழியில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சிலிக்கா ஊறிக் கல்லான மரங்கள் இருக்கின்றன. மரத்தின் நார் இருந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்த விதம் அகேட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம். பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஒரு சில்லைக்கூட எடுக்கக்கூடாது.

கல் விளையாவிட்டாலும் வந்து சேர்ந்திருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகேட், சூதுபவள மணிகளும், மணி செய்யக் கொண்டுவந்த மூலக்கற்களும் அகழ்வாய்வில் கிடைத்தன. கீழடியிலும் இந்த மணிகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கற்கள் குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளிலிருந்து வந்தவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் குறிப்பிலும் பைதானிலிருந்து வரிக்கற்கள் வண்டி வண்டியாகப் பரூச் துறைமுகத்துக்குப் போனதாக இருக்கிறது. பைதான் புனேயிலிருந்து அரை நாள் பயணம். கோதாவரிக் கரையில் நின்று காலடியிலுள்ள கூழாங்கல்லைப் பார்க்கும்போது கொடுமணலில் துளையிடப்பட்ட மணி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எங்கே தேடுகிறீர்கள்? எப்போது?

கல்குவாரி ஓரம், புதிதாக வெட்டிய சாலைச் சரிவு, கிணறு தோண்டிப் போட்ட மண், உழுத வயல், ஆற்றுச் சரளை. இவ்வளவுதான். பசால்ட் மக்கி மண்ணாகிவிடும், அகேட் மக்காது. அதனால் பாறை கரைந்த இடத்திலெல்லாம் கல் தனியாக உதிர்ந்து கிடக்கும்.

நல்ல காலம் அக்டோபர், நவம்பர். மழை நான்கு மாதம் மண்ணைக் கழுவி வைத்திருக்கும், வெயிலும் தாங்கும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில், சூரியனைப் பார்த்தபடி மெதுவாக நடந்தால் கால்செடனி ஒளியை உள்ளே வாங்கி மங்கலாக மினுங்கும். பசால்ட் மினுங்காது. பத்து அடிக்கு ஒருமுறை நின்று பார்ப்பவர்களுக்குத்தான் கல் கிடைக்கும். வேகமாக நடப்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கல்லின் வெளிப்பக்கம் பச்சைப் பூச்சு இருந்தால் குனிந்து எடுங்கள். அது செலடோனைட் என்ற கனிமம், குமிழின் சுவரில் முதலில் படிவது. அஜந்தா ஓவியங்களின் பச்சையும் இது போன்ற பச்சை மண்ணிலிருந்து எடுத்ததுதான்.

உடைக்காமலே உள்ளே கூடு இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கையில் தூக்கும்போது அளவுக்குக் கனம் குறைவாகத் தெரிந்தால் வாய்ப்பு உண்டு. ஆனால் சின்னக் கல்லில் கை ஏமாற்றும். சமையலறைத் தராசு இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 78 கிராம் கல்லுக்குத் தராசு 30 காட்டினால் 2.6, அது முழு அகேட். 66 கிராம் கல்லுக்கு அதே 30 காட்டினால் 2.2; உள்ளே நிச்சயம் இடம் இருக்கிறது. வெளியே பசால்ட் ஒட்டியிருந்தால் கணக்கு கூடுதலாகக் காட்டும், அதைச் சுரண்டிவிட்டுச் செய்யுங்கள்.

எப்படி உடைப்பது?

சுத்தியலால் ஓங்கி அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். கல் நான்கைந்து சில்லாகும், படிகங்கள் உதிரும், இரண்டு பாதிகளும் திரும்பச் சேராது. கல்லின் இடுப்பைச் சுற்றி உளியால் இலேசாகத் தட்டித் தட்டி, கல்லைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். மூன்று சுற்று, நான்கு சுற்று பொறுமையாகப் போனால் ஒரு கட்டத்தில் தட்டும் ஒலி மாறும். 'டிங்' என்று வந்தது 'டொக்' என்று ஆகும். அப்புறம் இரண்டே தட்டுதான். கல்லைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டால் சில்லுகள் தெறிக்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வைர வட்டு பொருத்திய இயந்திரத்தில் அறுத்தால் முகம் சுத்தமாக வரும். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குஜராத்தின் கம்பாத் நகரம் பல நூற்றாண்டுகளாக அகேட் மணிகளுக்குப் பெயர்போனது. அங்கே வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாணைச் சக்கரத்தில் உலர்வாகக் கல் தேய்த்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்தது. நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, மூச்சையே இறுக்கும் நோய். குணப்படுத்த மருந்து கிடையாது. மருத்துவ ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. நாம் ரசிக்கும் பளபளப்பான மணிக்குப் பின்னால் அவர்களுடைய மூச்சு இருக்கிறது. ஆகவே வீட்டில் உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், ஒரே ஒரு கல்லாக இருந்தாலும். தண்ணீரோடு அறுத்தாலும் என்95 முகக்கவசம் போடுங்கள். கழிவுச் சேற்றைக் காயவிட்டுப் பெருக்காதீர்கள், ஈரத்தோடு வழித்து எடுங்கள்.

சுத்தம் செய்ய என்ன பயன்படுத்தலாம்?

தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய பல்துலக்கி. நூற்றுக்குத் தொண்ணூறு கல்லுக்கு இது போதும்.

ஆரம்பத்தில் நான் ஒரு தவறு செய்தேன். சாஸ்வட் பக்கத்து வயலில் கிடைத்த ஜியோடு ஒன்றின் உள்ளே வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. சுண்ணாம்பு அழுக்கு என்று நினைத்துக் கழிவறை கழுவும் அமிலத்தில் போட்டேன். நுரைத்தது. அரை மணி நேரத்தில் அந்த வெள்ளை முழுதும் கரைந்துபோனது. மறுநாள் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது அழுக்கு இல்லை, கால்சைட் படிகம் என்று தெரிந்தது. பல கோடி வருடம் இருந்ததை அரை மணி நேரத்தில் அழித்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. உள்ளே என்ன கனிமம் என்று தெரியாதவரை எந்த அமிலமும் வேண்டாம்.

துருக்கறைக்குச் சிலர் ஆக்சாலிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்பதே என் யோசனை. துருவின் செம்மஞ்சள் பல கற்களுக்கு அழகாகவே இருக்கிறது.

கேட்காமல் எடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கேட்காமல் எடுக்காதீர்கள். வயல் என்றால் உழவரிடம், குவாரி என்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வெடிவைக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ளாமல் குவாரிக்குள் கால் வைக்கவே கூடாது. வனத்துறை நிலம், சரணாலயம், கோட்டைகள், குடைவரைகள் இவற்றில் எடுப்பது தவறு. விண்கல் விழுந்து உண்டான லோனார் ஏரிப்பள்ளமும் அப்படித்தான். பசால்ட்டில் இவ்வளவு நன்றாக நிலைத்திருக்கும் விண்கல் பள்ளம் உலகிலேயே அபூர்வம்.

2015-இல் அகேட்டை மத்திய அரசு சிறு கனிமங்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே தோண்டி எடுத்து விற்பதற்கான விதிகள் மாநில அரசின் கையில் இருக்கின்றன. விற்பனை எண்ணம் இருந்தால் மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு பயணத்தில் என் சட்டைப்பைக்குள் அடங்குவதற்கு மேல் நான் எடுப்பதில்லை.

ஏன் சின்னக் கற்கள் மட்டும்?

வீட்டில் இடம் இல்லை என்பது முதல் காரணம். இரண்டாவது, புளியங்கொட்டை அளவுக் கல்லிலும் பெரிய கல்லின் எல்லா அடுக்குகளும் இருக்கின்றன. பச்சைத் தோல், வரி, படிகம், வெற்றிடம் எல்லாமே. முட்டை அட்டையில் குழிக்கொன்றாக அடுக்கி வைக்கலாம். ஓர் அட்டையில் முப்பது கல் வரும்.

கடையில் விற்கும் பளிச்சென்ற நீலம், ரோஸ், ஊதா ஜியோடுகள் உண்மையா?

கல் உண்மை, நிறம் பெரும்பாலும் சாயம். அகேட்டின் வரிகளில் சில நுண்துளை உள்ளவை, சாயத்தைக் குடித்துக்கொள்ளும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் இது பெரிய தொழிலாக வளர்ந்தது. பிரேசிலிலிருந்து வந்த சாம்பல் கற்களுக்கு அங்கே நிறம் ஏற்றினார்கள். கறுப்பு வேண்டுமென்றால் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, அப்புறம் கந்தக அமிலத்தில் போடுவார்கள். உள்ளே போன சர்க்கரை கரியாகிவிடும். கம்பாத்தில் கல்லைச் சுட்டுச் சிவப்பாக்குவதும் பழைய முறை. அதில் வெளியிலிருந்து எதுவும் சேர்வதில்லை, கல்லிலிருக்கும் இரும்பு வெப்பத்தில் நிறம் மாறுகிறது. சாயத்தையும் சூட்டையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

சாயமேறிய கல்லில் விரிசல் ஓரமாக நிறம் திட்டாகத் தேங்கியிருக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் சில சமயம் பஞ்சில் ஒட்டும். ஒட்டாவிட்டாலும் சாயமில்லை என்று உறுதியில்லை. ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்த்து, சின்னக் குகை வாய் போலத் தெரியும் கோலிக்குண்டு அளவு ஜியோடுகள் பிரேசிலிலிருந்து வருகின்றன. ஓக்கோ என்ற பெயரில் விற்பார்கள். சாயம் போடாததாகப் பார்த்து வாங்கினால் அருமையான கற்கள்.

நல்ல கேமரா இல்லை. ஃபோனில் எடுக்கலாமா?

என் படங்கள் எல்லாம் ஃபோனில் எடுத்தவைதான். வெயில் நேரே படாத சன்னல் ஓரம் ஒரு மேசை போதும். வெளிச்சம் கடுமையாக இருந்தால் சன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டிவிடுங்கள். பின்னணிக்குச் சாம்பல் நிறத் துணி. கறுப்புத் துணி வைத்தால் கல் வெளுத்துவிடும், வெள்ளைத் தட்டில் வைத்தால் இருண்டுவிடும். ஃபோன் பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதால் வரும் குழப்பம் அது. திரையில் படிகத்தின் மேல் தொட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொள்ளுங்கள்.

கல் உருளாமல் நிற்க ஒரு கிண்ணத்தில் அரிசி போட்டு, மேலே துணியை விரித்து அமுக்கினால் கல்லை எந்தக் கோணத்திலும் உட்காரவைக்கலாம். ஃபோனைக் கல்லுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதன் நிழலே விழும். சற்று விலகி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். கை ஆடாமல் இருக்க டைமரை வையுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் பார்ப்பவர்களுக்கு அளவு உடனே புரியும்.

படிகத்தின் மினுமினுப்பு மட்டும் நிழற்படத்தில் வராது. கல்லை மெல்லத் திருப்பியபடி ஐந்து வினாடி வீடியோ எடுத்தால்தான் அது தெரியும்.

கல்லை நனைத்து எடுத்தால் நிறம் தூக்கலாக வருகிறதே, எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நனைத்தது என்று எழுத வேண்டும். சொரசொரப்பான முகத்தில் ஒளி சிதறுவதால் உலர்ந்த கல் வெளுத்துத் தெரியும்; தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் நிறம் ஆழமாகும். ஒருமுறை என் நனைந்த படத்தைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து ஒரு பள்ளி மாணவி அந்தக் கல்லையே கேட்டாள். அனுப்பிவைத்தேன். "அண்ணா, வேற கல் வந்திருச்சா?" என்று செய்தி வந்தது. அவள் கேட்டதில் தவறே இல்லை. அன்றிலிருந்து உலர்ந்த படம் முதலில், நனைத்த படம் இரண்டாவது. எடுத்த பின் நிறத்தைக் கூட்டும் ஃபில்டர்களை நான் தொடுவதே இல்லை.

படத்தோடு என்ன எழுத வேண்டும்?

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். கிடைத்த ஊர், தாலுகா, மாவட்டம், கிடைத்த மாதமும் வருடமும், குவாரியா, வயலா, ஆறா, மில்லிமீட்டரில் அளவு, நாம் அதற்கு என்ன செய்தோம், உடைத்ததா, அறுத்ததா, கழுவியது மட்டுமா, வாங்கியது என்றால் வாங்கியது என்றும் விற்றவர் சொன்ன ஊர் எது என்றும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? புனே அருகே வாகோலிக் குவாரிகளிலிருந்து வந்த கவன்சைட் என்ற நீல நிறக் கனிமம் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருக்கிறது. கூடவே இருக்கும் விவர அட்டையில் வாகோலி என்ற ஊர்ப்பெயர் இருப்பதால்தான் அதை வைத்து ஆய்வு செய்ய முடிகிறது. அகேட்டுக்கு இது இன்னும் அவசியம். வெறும் கல்லைப் பார்த்து எந்த ஊர் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நகரம் வளர வளர, குவாரிகள் மூடப்பட்டு மேலே அடுக்குமாடி வந்துவிடுகிறது. நான் 2014-இல் கல் எடுத்த ஒரு சரிவு இன்று வாகன நிறுத்துமிடம். அந்த இடத்தின் பாறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு என்னிடமிருக்கும் பதினோரு கற்களும் அவற்றின் அட்டைகளும்தான் மிச்சம்.

கல்லின் அடியில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்து, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண் எழுதுங்கள். அதே எண் நோட்டிலும் படக் கோப்பின் பெயரிலும் இருக்கட்டும். மைண்டாட் போன்ற கனிமத் தளங்களில் ஏற்றும்போது இந்த விவரம் இருந்தால்தான் படத்துக்கு மதிப்பு.

இடத்தைச் சொன்னால் கூட்டம் போய் அள்ளிவிடாதா?

அள்ளியிருக்கிறார்கள். அதனால் பொதுவில் ஊர், தாலுகாவோடு நிறுத்திக்கொள்கிறேன். துல்லியமான இடம் என் நோட்டில் இருக்கிறது, ஆய்வுக்குக் கேட்பவர்களுக்குத் தருவேன். ஃபோன் படக் கோப்புக்குள் எடுத்த இடம் தானாகவே பதிவாகும், கவனம் தேவை. வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். பொதுவில் ஏற்றுமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். குவாரித் தொழிலாளர்களின் முகத்தையும் கேட்காமல் படத்தில் சேர்க்காதீர்கள்.

ராசிக்கு, உடல்நலத்துக்கு அகேட் வைத்துக்கொள்ளலாமா?

நம்பிக்கையோடு அணிபவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் நோய்க்குக் கல் மருந்தல்ல. மருத்துவரிடம் போங்கள்.

குழந்தைகளுக்கு எப்படித் தொடங்கிவைப்பது?

உடைத்த கல் ஒன்றையும் உடைக்காத கல் ஒன்றையும் கையில் கொடுங்கள். மடிப்பு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். உடைந்த சில்லின் ஓரம் கண்ணாடிச் சில்லு போல வெட்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தராசுச் சோதனையை அவர்களையே செய்யவிடுங்கள், என் மகள் வகுத்தல் கணக்கை அதில்தான் விரும்பிப் போட்டாள்.

நீங்கள் உடைக்காமலே வைத்திருக்கும் கல் ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. எண் 112. 2019 நவம்பரில், நீரா ஆற்றுச் சரளையில் கிடைத்தது. நீளம் 31 மில்லிமீட்டர், பாதாம் வடிவம், ஒரு முனையில் மட்டும் பச்சைத் தோல் மிச்சம். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ நகரும். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் சுவர் மெலிந்த இடத்தில் தேன்நிறமாக ஒளி வருகிறது, அதற்குள் ஒரு குமிழ் மெல்ல இடம் மாறுகிறது. தண்ணீர். கல் வளர்ந்தபோதே உள்ளே நின்றதா, பின்னால் நுண்துளை வழியே இறங்கியதா என்று பார்வையால் சொல்ல முடியாது. வெயிலில் காய்ந்தால் தண்ணீர் மெல்ல வெளியேறிவிடும் என்பதால் பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நவம்பரில் எடுத்து எடை போட்டு, ஒரு வீடியோ எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பேன். போன வருடம் வரை எடை குறையவில்லை.